காக்கி புக்கிட் பட்டறையில் ஒரு பழைய சிலிண்டர் ஹெட்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கும் 1.6 லிட்டர் டொயோட்டா அல்டிஸ் என்னுடையது. உட்லண்ட்ஸ் காஸ்வே நெரிசலில் ரேடியேட்டர் உடைந்து இன்ஜின் கொதித்ததில், இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்துவிட்டது. பதிவு நீக்கப்பட்ட வண்டியிலிருந்து கழற்றிய ஹெட் ஒன்றை வாங்கி, சோதித்துச் செப்பனிட்டுத் தருமாறு காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்தேன்.

நான் அதை டீசலில் கழுவிக் கொண்டுபோனதுதான் முதல் தவறு. “கழுவின பிறகு எல்லா ஹெட்டும் நல்ல ஹெட்தான் தம்பி, அழுக்கோட பாத்தாதான் கதை தெரியும்” என்றார் அங்கிருந்த பெரியவர். நான்கு எரியறைகளில் ஒன்று மட்டும் கரியே இல்லாமல் பளிச்சென்று இருந்தால், அந்த அறைக்குள் தண்ணீர் கசிந்து ஆவியாகியிருக்க வாய்ப்புண்டு. அந்தத் தடயத்தைத்தான் நான் கழுவித் தள்ளியிருந்தேன்.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் எனும் நேர்ச்சட்டத்தை ஹெட்டின் அடிப்பரப்பில் நீளவாக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து அவர் அளந்தபோது, நடுப்பகுதியில் இடைவெளி அளக்கும் 0.08 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழைந்தது. இந்த இன்ஜினுக்கு எல்லை 0.05. வேறு கடையாக இருந்தால் உடனே மெஷினில் ஏற்றிச் சீவியிருப்பார்கள். இவரோ காற்றும் புகையும் போய்வரும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டுகளை வைத்து, அவற்றைப் பிடிக்கும் மூடிகளை அதனதன் எண் வரிசைப்படி முறுக்கி, கையால் சுற்றிப் பார்த்தார். ஹெட் வளைந்தால் மேலே கேம்ஷாஃப்ட் உட்காரும் வரிசையும் சேர்ந்தே வளையும். அடிப்பக்கத்தை மட்டும் சீவினால் கசிவைத் தடுக்கும் காஸ்கெட் படியுமே தவிர மேல்வளைவு நிமிராது. பல பட்டறைகள் தொடாமல் விடுகிற சோதனை இது என்பதால், என் கணக்கில் கொடுத்த கூலியில் பாதி இதற்கே தகும். இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளும் தடையின்றிச் சுழன்றன.

அதன்பின் தண்ணீர் வழிகளைத் தகடுகளால் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முழுக்கினார்கள். குளிர்ந்த ஹெட்டில் ஒளிந்திருக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். குமிழி வரவில்லை. சீவியதும் வளைவு நீங்கும் அளவுக்கு மட்டுமே. அதிகம் சீவினால் எரியறையின் அழுத்தமான கம்ப்ரெஷன் ஏறுவதோடு, வால்வ் திறந்து மூடும் நேரமான கேம் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும்.

வால்வ் வேலையில் குறையே இல்லை. வால்வ் அமரும் வளையமான சீட்டை லேசாக வெட்டித் தேய்த்தாலும் வால்வ் மேலேறி, அதற்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும். இந்த இன்ஜினில் அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை, வால்வின் மேல்நுனியில் கவிழும் கிண்ணமான பக்கெட்டைத் தடிமன் வேறானதாகத்தான் தேடிப் போட வேண்டும். பதினாறு பக்கெட்டுகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இடைவெளி அளவைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: காற்று உள்வரும் இன்டேக் 0.15 முதல் 0.25, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.35 மில்லிமீட்டருக்குள் எல்லாம் அடங்கின. வால்வ் தண்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஸ்டெம் சீல்கள் அனைத்தும் புதியவை.

என் மனக்குறை ஒன்றே, ஆனால் சிறியதல்ல. கரியை நீக்கப் பொடி போன்ற கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் ஊதியிருக்கிறார்கள். ஹெட்டைப் பொருத்தும் முன் என் மெக்கானிக் எண்ணெய் வழியில் காற்றடித்தபோது வெள்ளைச் சீனி போன்ற பொடி கொட்டியது. அது எண்ணெயோடு கலந்திருந்தால் கேம்ஷாஃப்ட் அமரும் பரப்பையே அரைத்துத் தின்றிருக்கும். திருப்பிக் கொண்டுபோனதும் காசு வாங்காமல், அடைப்புத் திருகுகளைக் கழற்றி மறுபடி கழுவிக் கொடுத்தார்கள். வருத்தம் தெரிவிக்கவும் தயங்கவில்லை. எனினும் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

கூலி, நான் ஹெட்டை வாங்கிய விலையைவிட அதிகம். அடுத்த முறையும் அங்கேயே கொடுப்பேன். கழுவாமல் கொண்டுபோவேன், மணி ஊத வேண்டாம் என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்வேன்.