பழைய ரேடியோ கண்ட்ரோல் (ஆர்.சி.) காரின் பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மை ரிப்பேருக்குக் கொடுக்கிறீர்களா? 185 வெள்ளி இழந்தவன் சொல்கிறேன், படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம்தான் கார் திரும்பி வந்தது. இன்று காலை எங்கள் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் ஓட்டினேன். இரண்டாவது வளைவிலேயே வலது பின்சக்கரம் உள்ளே மடங்கிக்கொண்டது. கை இன்னும் நடுங்குகிறது. ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கார் என் தாய்மாமாவுடையது. அசோசியேட்டட் ஆர்.சி.10. 1984-ல் வந்த மாடல், தங்க நிற அலுமினியத் தொட்டி மாதிரி சேஸி. அடுத்த வருடம் அமெரிக்காவில் நடந்த முதல் 1/10 அளவு ஆஃப்ரோடு (மண்தட) உலகப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை வென்றது இந்தக் கார்தான். மாமா சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். இப்போது அவர் இல்லை.

ரொம்ப ஓடிய கார், அதனால் பின்பக்க ஆர்ம் இரண்டும் தேய்ந்திருந்தன. வெள்ளை நைலான் ஆர்ம். ஆர்ம் மேலும் கீழும் அசைய அச்சாக இருக்கும் ஹிஞ்ச் பின் என்ற கம்பி போகும் துளை வட்டமாக இல்லாமல் நீண்டு முட்டை வடிவாகிவிட்டது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடும். வேகம் கூட்டினால் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும்.

ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் ரேடியோ கார் கடை. கடைக்காரர் தமிழர். காரைக் கையில் வாங்கியதும் அவர் பாடியைப் பார்க்கவில்லை, விலை பேசவில்லை. நேராகப் பின்சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். “தம்பி, ஹிஞ்ச் பின் நல்லாத்தான் இருக்கு, துளைதான் போச்சு. எட்டில் ஒரு இன்ச் பின் இது. துளையைப் பெருசாக்கி, பித்தளைக் குழாய் இறக்கி, ரீமர் போட்டா புதுசு மாதிரி ஆகிடும்” என்றார். ரீமர் என்றால் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி. அவ்வளவும் சரியான வழி. அந்த இடத்தில்தான் நம்பினேன். 185 வெள்ளி, முழுவதும் முன்பணம். கேட்டதும் அங்கேயே நின்று போன் வழிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினேன். ரசீது கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஒரு வாரம் என்றார், ஐந்து வாரம் ஆனது. முதலில் ரீமர் வரவில்லை. அப்புறம் சீனப் புத்தாண்டு. அப்புறம், “நாளைக்குக் கண்டிப்பா, தம்பி.” அதற்கப்புறம் செய்திக்கு நீல டிக் மட்டும் விழும், பதில் வராது.

இன்று கழற்றிப் பார்த்தால் பித்தளையே இல்லை. துளையில் எபாக்சிப் பசையை அடைத்து, கைட்ரில்லால் மறுபடி துளைத்திருக்கிறார். நைலானில் எபாக்சி பிடிக்காது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? அடைத்தது அப்படியே ஒரே உருண்டையாக வெளியே வந்தது. அதைவிட மோசம், எபாக்சி அடைக்க வேண்டுமென்று துளையை அகலமாக்கியதில் ஓரச் சுவர் மெலிந்து, ஆர்ம் பிளந்துவிட்டது. முன்பு தேய்ந்துதான் இருந்தது. இப்போது உடைந்தே போனது. மாமா கை பட்ட ஆர்ம் அது. சில வெள்ளி பெறும் குழாய்த் துண்டை மிச்சம் பிடிக்க இதைச் செய்திருக்கிறார்.

போன் செய்தேன். “நீங்க வேகமா ஓட்டிருப்பீங்க. பழைய பிளாஸ்டிக் அப்படித்தான்” என்றார். 185 வெள்ளியைத் திருப்பிக் கேட்டேன். “வேலை செஞ்சதுக்குத்தானே காசு” என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

எப்படிச் சரிசெய்வது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு நிலைக்கவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். காரைக் கொடுக்கும் முன் துளைகளைக் கிட்டத்தில் படமெடுங்கள். குழாய் இறக்கிய பிறகு, ஹிஞ்ச் பின்னைப் போடும் முன், படம் அனுப்பச் சொல்லுங்கள். வாங்கும்போது கடையிலேயே ஷாக்கை (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கை) கழற்றிவிட்டு ஆர்மைத் தூக்கி விடுங்கள். தன் எடையில் தானாக விழ வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. நான் அதைச் செய்யாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நைலானுக்குப் பசை என்று யார் சொன்னாலும் காரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அவர் அனுப்பிய செய்திகள், பணம் அனுப்பிய பதிவு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனு போடுகிறேன். இதே மாதிரி மேல்மாடிக் கடையில் யாராவது ஆர்ம் கொடுத்து வைத்திருந்தால், இன்றைக்கே போய்க் கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.