கேபிள் கார்டிகன்: கழுத்திலிருந்து தொடங்குவதா, அடியிலிருந்தா?

கேபிள் (கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, இடம் மாற்றிப் பின்னும் முறுக்குக் கோலம்) போட்ட கார்டிகனைக் கழுத்திலிருந்து ஒரே துண்டாகக் கீழே இறக்கட்டுமா, இல்லை அடியிலிருந்து முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை என்று தனித்தனியாகப் பின்னித் தைக்கட்டுமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கேபிளில் என்ன செடி போடப் போகிறீர்கள்?

கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு போகும் சாதாரண கேபிளுக்கு மேல், கீழ் என்று பெரிய வித்தியாசம் தெரியாது. இலை, கொடி, மரம் என்று வந்தால் அப்படி இல்லை. அயர்லாந்தின் ஆரன் ஸ்வெட்டர்களில் மரக் கோலம் ஒன்று உண்டு. கிளைகள் மேலே விரிகிற மாதிரி வரைந்த அந்தச் சார்ட்டை (கட்டம் கட்டமாக வரைந்த பின்னல் படம்) வைத்துக்கொண்டு கழுத்திலிருந்து பின்னினால், போட்டுப் பார்க்கும்போது மரம் தலைகீழாக நிற்கும். சார்ட்டைத் திருப்பிப் பிடித்தால் போதாதா என்றால், இலைக்குப் போதாது. இலையின் காம்புப் பக்கம் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போய் நுனியில் மூன்று கண்ணியை ஒன்றாக்கி முடிக்கிறோம், அந்த மூன்றுக்கு ஒன்றில்தான் கூர்மை இருக்கிறது. திருப்பினால் கூட்டிய இடத்தில் குறைக்க வேண்டும், குறைத்த இடத்தில் கூட்ட வேண்டும், நுனி என் கையில் ஒவ்வொரு முறையும் மழுங்கித்தான் வந்தது.

அதனால் மிளகுக்கொடி மாதிரி ஏறுகிற எதையும் நான் அடியிலிருந்துதான் பின்னுவேன். மாவிலைத் தோரணம் மாதிரி தொங்குகிற இலை என்றால் கழுத்திலிருந்து: ஊசி போகிற திசையிலேயே இலை நுனி கீழே பார்க்கும், சார்ட்டில் கை வைக்கவே வேண்டாம்.

ஒரே துண்டாகப் பின்னுவதில் பெரிய வசதி, நடுவில் போட்டுப் பார்க்கலாம், நீளத்தை இஷ்டத்துக்கு நிறுத்தலாம், கடைசியில் தையல் வேலை இல்லை. முதல் கார்டிகனுக்கு யாருக்கும் அதுதான் ஆசையாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் கேபிள் நூலைக் குடிக்கும். என்னுடையது முடிந்தபோது 700 கிராம், மெரினோ கம்பளி, அதுவும் மெஷினில் துவைக்கலாம் என்று விற்கிற வழவழப்பான வகை. முதல் துவையலிலேயே தோள் இறங்கி, கை விரல்வரை வந்துவிட்டது. அத்தனை எடையையும் தாங்கத் தோளில் ஒரு தையல்கூட இல்லை. தனித்தனியாகப் பின்னித் தைத்த மிளகுக்கொடிக் கார்டிகனும் கிட்டத்தட்ட அதே எடைதான், அதன் தோள் இன்னும் இடத்தைவிட்டு நகரவில்லை. அதற்குக் கொஞ்சம் சொரசொரப்பான கம்பளி எடுத்தேன், அதுவும் உதவியிருக்கும். பருத்தி நூல் இன்னும் கனம், இழுத்தால் திரும்பி வராது, இவ்வளவு கேபிளுக்கு வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் லேசானது, மலிவு, பழகுவதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் தப்பு சரிசெய்வது. ஆறு கண்ணிக் கேபிளில் முதல் மூன்றைத் துணை ஊசியில் எடுத்து முன்னால் விட்டால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம். டிவி பார்த்துக்கொண்டே பின்னினால் ஒன்று மாறாமல் இருக்காது. அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, ஏணி மாதிரி அவிழ்த்துக்கொண்டு போய், சரியாக மாற்றிப் போட்டு, அவிழ்ந்த நூலை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக்கொண்டு வரலாம். மடியில் ஒரு முன்பக்கம் மட்டும் கிடக்கும்போது இது அரை மணி நேர வேலை. 210 கண்ணி வட்ட ஊசியில் தொங்க, முழுக் கார்டிகனும் மடியை அழுத்திக்கொண்டு கிடக்கும்போது செய்து பாருங்கள், மிச்சக் கண்ணியும் நழுவிவிடுமோ என்ற பயத்திலேயே கை நடுங்கும்.

எதை எடுத்தாலும் மாதிரித் துண்டைக் கேபிளோடுதான் பின்ன வேண்டும். 4.5 மி.மீ. ஊசியில் எனக்குக் கேபிள் இல்லாத சாதாரண நிட் 10 செ.மீ.க்கு 19 கண்ணி, அதே ஊசியில் இலைக் கேபிள் 25 கண்ணி. வெறும் நிட் கணக்கை நம்பித் தொடங்கினால் கார்டிகன் உடம்பைச் சுற்றாது. பின்னிய துண்டை நனைத்து, விரித்துக் காயவைத்து, அப்புறம் அளவெடுங்கள்.

இப்போது ஊசியில் இருப்பது ஒரே கார்டிகனில் இரண்டும்: உடம்பு அடியிலிருந்து தனித்தனியாக, மிளகுக்கொடி பட்டன் பட்டி ஓரமாக மேலே ஏறுகிறது. கைகள் மட்டும் தோளைத் தைத்த பிறகு அங்கிருந்து கண்ணி எடுத்துக் கீழே, கேபிள் இல்லாமல். என் அம்மாவுக்கு எப்போதும் கை நீளம்தான் சரியாக அமையாது, அங்கே மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.