எபாக்சி பூசி விற்கப்படும் பஃபரை நம்பி நான் ஏமாந்தது

என் கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கிய பெடல்போர்டில் உள்ளவை எல்லாமே ட்ரூ பைபாஸ் வகை; அதாவது, அணைத்தால் சிக்னல் பெடலின் சுற்றைத் தொடாமல் நேராகக் கடந்துவிடும். கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் சேர்ப்பதால், போர்டுக்கு முன்னும் பின்னும் ஆறாறு மீட்டர், நடுவில் சிறு இணைப்புகள் என்று கூட்டும்போது 1,300 பிகோஃபாரடைத் தொட்டுவிடுகிறது; அத்தனையும் தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்அப்பின் தலையில் விழுவதால், எல்லாப் பெடல்களையும் அணைத்த பிறகும் ஒலி மங்கியே கேட்டது. அதற்காகத்தான், பிக்அப்பின் சுமையைத் தான் ஏற்று சிக்னலை வலுவாக அனுப்பும் பஃபர் என்ற சிறு பெட்டி ஒன்றை வாங்கினேன்.

“ஜேஃபெட் சுற்று, உள்ளீட்டு இம்பீடன்ஸ் 1 மெகா ஓம்” என்று விற்பனையாளர் எழுதியிருந்தார். ஜேஃபெட் என்பது ஒரு டிரான்சிஸ்டர் வகை; உள்ளீட்டு இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்குக் காட்டும் மின்தடை, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பிக்அப்பின் சுமை குறையும், ஒலி மங்காது. சர்க்யூட் போர்டு முழுவதும் கறுப்பு எபாக்சி பூசப்பட்டிருந்தது. பிறர் நகலெடுக்காமல் இருப்பதற்காக என்று அவர் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டேன். என்னிடம் ஜெர்மேனியம் ஃபஸ் (ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரால் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) இருப்பதைச் சொல்லியும், பஃபரையே முதலில் வைக்கச் சொன்னார். அத்தகைய ஃபஸ் பிக்அப்போடு நேரடியாக இணைந்திருந்தால்தான் கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது ஒலி தெளியும். இடையில் பஃபர் வந்ததும் அந்தத் தெளிவு போய், வெறும் கரகரப்பே மிஞ்சியது. இது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை.

ஃபஸ்ஸை எடுத்துவிட்டு வாசித்தபோதும் மங்கல் தீரவில்லை. முதல் தந்தியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை மெல்ல வைத்து மீட்டினால், ஆம்ப்பில் நேராகச் செருகும்போது மணிபோல் ஒலிக்கும் ஹார்மோனிக், இந்தப் பெட்டி வழியாக வந்தபோது துணியால் மூடியதுபோல் கேட்டது. முறையிட்டதற்கு, “காது பழகவேண்டும், சில வாரம் வாசியுங்கள்” என்றார். நானும் காத்திருந்தேன், அந்த வாரங்களிலேயே திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது.

பிறகுதான் அளந்து பார்த்தேன். உள்ளீட்டில் கெப்பாசிட்டர் இருப்பதால் ஓம் மீட்டரை நேராக வைத்துப் பயனில்லை. கைபேசியிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, வெளியீட்டின் ஏசி மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளீட்டுக்கு முன் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்க்க வேண்டும். விளம்பரம் உண்மையானால் அளவு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். எனக்கு 200 மில்லிவோல்ட் 19 ஆக விழுந்தது. அதாவது, பெட்டியின் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 100 கிலோ ஓம்தான். சூடான காற்றால் எபாக்சியை இளக்கிச் சுரண்டியபோது, உள்ளே ஜேஃபெட்டே இல்லை. ஒரு பைபோலார் டிரான்சிஸ்டரும், அதன் பேஸில் இரண்டு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் இருந்தன.

பைபோலார் டிரான்சிஸ்டரைக் குறை சொல்லவில்லை. ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பெயர்பெற்ற பெடலின் உள்ளீட்டிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அங்கே 510 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி, அதைச் சரிபார்க்க முடியாதபடி பூசி மூடியதுதான் என் மனத்தாங்கல்.

படங்களை அனுப்பியபோது, எபாக்சியைப் பெயர்த்ததால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்தப் பெட்டி அதே வாசகத்தோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. இதுபோன்ற ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள், விற்பவர் சொல்லும் சமாதானத்துக்குக் காத்திராமல், கெடு முடிவதற்குள் அந்த ரெசிஸ்டர் சோதனையைச் செய்துவிடுங்கள்.