கோவாலாவுக்குப் பணமா, சனிக்கிழமையா, வீட்டில் ஒரு மூலையா?

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்குக் குடிவந்த மூன்றாம் வருடம், காரில் அடிபட்டுக் கிடந்த ஒரு பாஸத்தைத் (மரத்தில் வாழும், வயிற்றில் பையுள்ள சின்ன விலங்கு; தமிழில் எழுதினால் பாசம் ஆகிவிடுகிறது, இருக்கட்டும்) துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து வனவிலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பில் எவ்வளவு என்றேன். ஒன்றுமில்லை என்றார்கள். காட்டு விலங்குக்கு ஏது சொந்தக்காரர்? பெரும்பாலும் நன்கொடையிலும் தொண்டர்களாலும்தான் ஓடுகிறது. நாமும் ஏதாவது செய்யலாமே என்று அன்று இரவு வீட்டில் பேச்சு. மூன்று வழி இருந்தது.

மாதாமாதம் பணம் கட்டுவது சுலபம். வரிவிலக்குப் பதிவு உள்ள அமைப்பு என்றால் 2 டாலரிலிருந்தே கணக்கில் காட்டலாம். போர்ட் மக்குவாரியில் 1973 முதல் இருக்கும் கோவாலா மருத்துவமனையில் ஒரு கோவாலாவை நம் பேரில் ‘தத்தெடுக்க’வும் முடியும். பொருளாகக் கொடுப்பதைவிடப் பணம் மேல். 2019-20 காட்டுத்தீயின்போது உலகமே தாயை இழந்த கங்காரு குட்டிகளுக்குத் தாய்வயிற்றுப் பைக்குப் பதிலாகத் துணிப்பை தைத்து அனுப்பி, கடைசியில் போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நானும் கட்டினேன். கார்டு காலாவதியாகிச் சந்தா நின்றுபோனது நாலு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

இரண்டாவது, அனாதைக் குட்டிகளை வீட்டில் வைத்து வளர்ப்பது. பயிற்சியும் அனுமதியும் வேண்டும். பசும்பால் ஆகாது, அதற்கென்று தனிப் பால்பவுடர். நான் செய்ததில்லை, எங்கள் தெருவில் ஓர் அம்மா செய்வதைப் பார்த்ததுதான். ராத்திரி அலாரம் வைத்து எழுந்து, கங்காரு குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பார். தூக்கத்தைக்கூட விடலாம். ஆனால் வருடத்துக்கு ஐந்து வாரம் மதுரைக்குப் போகிறவன் நான். குட்டி தனியாக வாழப் பழகப் பல மாதம் ஆகும், பாதியில் கைமாற்றினால் அது மிரளும். மதுரையில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நடுராத்திரி போன் வந்தால் யாரிடம் விட்டுப் போவேன்? இந்த ஒரு கேள்வியிலேயே அந்த வழி அடைபட்டுவிட்டது.

அதனால் மூன்றாவது: சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் மருத்துவமனையில். கோவாலாவைக் கட்டிப்பிடிக்கலாம் என்று சேர்கிறவர்கள் இரண்டே வாரத்தில் நின்றுவிடுவார்கள். கிடைப்பது துண்டு துவைப்பது, கூண்டு கழுவுவது, பழம் நறுக்குவது. எனக்குப் பிடித்தது தழை மாற்றுவது. தைலமரத்தில் நூற்றுக்கணக்கான வகை இருந்தும் கோவாலா சிலவற்றைத்தான் தொடும். நேற்று வெட்டியதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாளுக்கு அரை கிலோவுக்குக் குறையாமல் தின்னும். கழிக்கிற தழை அதற்கும் மேல். தண்ணீர் நிரப்பிய குழாயில் செருகிய பழைய கிளையை உருவும்போது எழும் வாசனைக்கு ஊட்டித் தைலம் ஞாபகம் வரும், கொஞ்சம் மூத்திர நெடியோடு.

மீந்த தழையைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். இது சின்ன வேலை இல்லை. அங்கே வரும் கோவாலாக்களில் பலவற்றுக்குக் கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்று: கண் பழுத்துப்போகும், சிறுநீர்ப்பை வீங்கும். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். அந்த மருந்தே தழையைச் செரிக்கும் குடல் கிருமிகளையும் கெடுத்துவிடக்கூடும். அதனால் எவ்வளவு தின்றது என்பதை வைத்துத்தான் டாக்டர்கள் பல முடிவுகளை எடுக்கிறார்கள். எங்கள் மாநிலமான குயின்ஸ்லாந்தின் கோவாலாக்கள் 2022-ல் அழியும் ஆபத்துப் பட்டியலுக்குப் போனபின், ஒவ்வொன்றையும் பிழைக்கவைக்கப் பாடுபடுகிறார்கள். வௌவால் அறைப் பக்கம் மட்டும் நான் போவதில்லை. அதற்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும்.

“குரங்கு ஆஸ்பத்திரியில் உனக்கு என்னடா வேலை?” என்று அம்மா போனில் கேட்பாள். குரங்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

சந்தாவையும் திரும்பக் கட்டுகிறேன், சின்னத் தொகைதான். போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது என் சனிக்கிழமைகளை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டார். பதிலுக்கு அவருடைய கிறிஸ்துமஸ் காலை இப்போது என் தலையில்.