பிரஸ்ஸல்ஸ் செயின்ட் ஹூபர்ட் கேலரி: கடைகளை அப்புறம் பாருங்கள், முதலில் கூரை

கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க இடம் தேடி ஓடிப் போய் நுழைந்த இடம்தான் கூரை போட்ட இந்தக் கடைத்தெரு. அன்று முழுக்க வேறெங்கும் போகவில்லை.

1847இல் பெல்ஜியத்தின் முதலாம் லியோபோல்ட் மன்னர் திறந்துவைத்த கட்டடம், இத்தாலியின் மிலானில் இதே மாதிரி இருக்கும் புகழ்பெற்ற கேலரிக்குக் குறைந்தது இருபது வருடம் மூத்தது. இரும்பு வளைவுகள் மேல் கண்ணாடிக் கூரை, கீழே இரண்டு பக்கமும் கடைகள், அவற்றுக்கு மேலே ஜன்னல் வைத்த மாடிகள். நுழைந்து பார்த்தால் இருநூறு மீட்டருக்கு மேல் நீளும் இந்தத் தெருவின் மறுகோடி தெரியாது. கட்டடக் கலைஞர் குளூய்செனார் வேண்டுமென்றே நடுவில் லேசாகத் திருப்பியிருக்கிறார், ஒரே நேர்கோட்டில் நடந்தால் சலித்துவிடும் என்று. நடந்து பார்த்தபோது எனக்கு அது அவ்வளவு சரியாகப் பட்டது. முதல் பகுதியான ராணி கேலரி முடிந்து ஒரு சந்து குறுக்கே வரும், அதைத் தாண்டினால் ராஜா கேலரி, வேறொரு தெருவுக்குள் வந்த மாதிரி இருக்கும்.

சாக்லேட் பிரியர்கள் நொய்ஹவுஸ் கடையை விடாதீர்கள். 1857இல் மருந்துக்கடையாக இங்கே தொடங்கி, மருந்தின் கசப்பு தெரியாமலிருக்க மேலே சாக்லேட் பூசிக் கொடுத்தவர்கள். 1912இல் கடையைத் தொடங்கியவரின் பேரன் மருந்தை எடுத்துவிட்டு உள்ளே இனிப்புப் பூரணம் வைத்தார், அதுதான் பிரலின். விலை அதிகம்தான், ஆனால் அது பிறந்த கடையிலேயே நின்று ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது தனி சந்தோஷம். பெரிய பெட்டி வேண்டாம், பிடித்ததை மட்டும் பொறுக்கி எடை போட்டு வாங்குங்கள்.

கிளையாகப் பிரியும் இளவரசர் கேலரியைப் பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். அங்கே டிரோபிஸ்ம் என்ற புத்தகக் கடை இருக்கிறது, கண்ணாடி பதித்த தூண்கள், பொன்வண்ண வேலைப்பாடு. புத்தகங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, எனக்குப் படிக்கத் தெரியாது, இருந்தும் அரைமணி நேரம் நின்றேன். 1896 மார்ச்சில் லூமியேர் சகோதரர்களின் சினிமாவை பிரஸ்ஸல்ஸ் மக்கள் காசு கொடுத்துப் பார்த்ததும் இந்தக் கூரைக்குக் கீழேதான்.

குறை ஒன்று உண்டு. ஒரு காபிக் கடையில் இருபது நிமிடம் உட்கார்ந்தும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் கூட்டமும் நெரியும். அதனால் காலையில், கடைகள் திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னாலேயே போங்கள், கிராண்ட் பிளாஸ் பக்க வாசல் வழியாக. கூரையிலிருந்து இறங்கும் வெளிச்சம் அப்போதுதான் தரை வரைக்கும் தடையில்லாமல் விழும்.