சேலம் செவ்வாய்பேட்டைல சதுரத் தலை போல்ட் செஞ்சு தர்ற கடை – ஏற்காடு பங்களா வேலைக்கு வாங்குன அனுபவம்

போன வருஷ கடைசில ஏற்காட்டுல ஒரு பழைய காபி எஸ்டேட் பங்களாவோட வராண்டாவும் கூரையும் ரிப்பேர் பண்ற வேலை எங்க கைக்கு வந்துச்சு. நான் அதுல சைட் இன்ஜினியர். மங்களூர் ஓடு, கீழ அத தாங்குற மரச் சட்டம் (டிரஸ்), வராண்டா தூணுக்கு அடில தூண் உட்காருற வார்ப்பிரும்பு ஷூ, எல்லாத்தையும் சேர்த்து பிடிச்சிருக்கிறது சதுரத் தலை போல்ட். பாதிக்கு மேல நல்லா இருந்துச்சு, மிச்சம் துருப்பிடிச்சு நடுவுல இடுப்பு மாதிரி மெலிஞ்சு போயிருந்துச்சு, மொத்தம் 46 போல்ட் மாத்தணும்.

முதல்ல நான் பண்ண தப்பு, ஆன்லைன்ல ஒரு இடத்துல எம்16, அதாவது 16 மில்லி தடிப்பு சதுர போல்ட் பார்த்தவுடனே ஆர்டர் போட்டுட்டேன். பழைய போல்ட்ட ஸ்கேல் வச்சு அளந்தா 16க்கு ஒரு துளி கம்மியா காட்டுச்சு, தேய்மானம்னு நினைச்சுட்டேன். வந்தது பார்க்க அழகா தான் இருந்துச்சு. ஷூல இருக்குற மரைல (போல்ட் சுத்தி இறங்குற திருகு வரி) விட்டா ஒண்ணரை சுத்து போகுது, அப்புறம் கல்லு மாதிரி நிக்குது. ஹெல்ப்பர் தம்பி பைப் போட்டு ஒரு அழுத்து அழுத்திட்டான், ரெண்டு ஓட்டைல மரை நசுங்கி போச்சு. வார்ப்பிரும்பு அது, இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா ஷூவே வெடிச்சிருக்கும், மாத்துறதுக்கு வேற ஷூ எங்கயும் கிடைக்காது. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

எங்க ஆசாரி அண்ணன் தான் சொன்னாரு, செவ்வாய்பேட்டைல லீ பஜாருக்கு பின்னாடி ஒரு சந்துல போல்ட் செய்யுற பட்டறையோட சேர்ந்த கடை இருக்கு, பெருசா போர்டு எல்லாம் இருக்காது, வாசல்ல ராடு அடுக்கி வச்சிருப்பாங்க, ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பாரு, பழைய போல்ட்ட எடுத்துட்டு போய் காட்டுங்கன்னு. மறுநாளே ரெண்டு பழைய போல்ட், ஒரு நட்டு, ஆன்லைன்ல வாங்கின ஒண்ணு, எல்லாத்தையும் பையில போட்டு காலைல பஸ் பிடிச்சு கீழ இறங்கிட்டேன்.

இந்த கடையை நான் ஏன் இவ்வளவு நீளமா எழுதுறேன்னா, இது வரைக்கும் நான் போன எந்த ஹார்டுவேர் கடைலயும் முதல் கேள்வி "எவ்வளவு வேணும்" தான். இங்க பெரியவர் கேட்ட முதல் கேள்வி "இது எதை பிடிச்சுட்டு இருந்துச்சு கண்ணு?" தூண் ஷூன்னு சொன்னேன். போல்ட்ட வாங்கி மண்ணெண்ணெய்ல முக்கி, கம்பி பிரஷ்ல தேய்ச்சு, மரைல பிட்ச் கேஜ், அதாவது மரை இடைவெளி அளக்குற பல்லு வச்ச தகடு, இலை இலையா வச்சு பார்த்தாரு. வெளிச்சம் தெரியாம உட்கார்ந்த இலைல நின்னுட்டு, "விட்வொர்த் கண்ணு இது, அஞ்சே எட்டு இஞ்ச், இஞ்சுக்கு 11 மரை. நீ கொண்டு வந்தது எம்எம் மரை, எப்படி போகும்?"

அங்க நின்னு தான் எனக்கு முழுசா புரிஞ்சுச்சு. அஞ்சே எட்டு இஞ்ச்ங்கிறது, அதாவது 5/8, 15.875 மில்லி, எம்16க்கும் அதுக்கும் கண்ணுல வித்தியாசமே தெரியாது. ஆனா எம்16 மரை 2 மில்லிக்கு ஒரு சுத்து, இது சுமார் 2.3 மில்லிக்கு ஒரு சுத்து. மரையோட கோணமும் வேற, விட்வொர்த்துக்கு 55 டிகிரி, எம்எம்முக்கு 60. அதனால ஆரம்பத்துல பிடிக்கிற மாதிரி இருக்கும், ரெண்டாவது சுத்துலயே ஒண்ணோட ஒண்ணு மோதும். ஜோசப் விட்வொர்த் 1841ல இந்த மரை அளவெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு முன்வச்சாரு, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. வெள்ளக்காரன் காலத்து கட்டடம், பழைய மெஷின், எஸ்டேட் சாமான் எதை தொட்டாலும் இந்த மரை தான் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. டிரஸ்ல இருந்த அரை இஞ்ச் போல்ட்டையும் பார்த்தாரு, அது இஞ்சுக்கு 12 மரை. இதுல இன்னொரு கண்ணி இருக்கு, அமெரிக்கன் அரை இஞ்ச் 13 மரை, அதனால "அரை இஞ்ச் போல்ட் குடுங்க"ன்னு வாயில மட்டும் கேட்டா தப்பானது வர வாய்ப்பு இருக்கு. சாம்பிள் எடுத்துட்டு போறது தான் ஒரே வழி.

நடுவுல ஒடஞ்ச ஒரு பழைய போல்ட்டும் என் பையில இருந்துச்சு. அதோட ஒடஞ்ச முனைய வெளிச்சத்துல திருப்பி காட்டுனாரு, மரம் பிளந்த மாதிரி நார் நாரா இருக்கு. அது இப்போ கிடைக்கிற மைல்டு ஸ்டீல் இல்ல, பழைய தேனிரும்பு, அடிச்சு அடிச்சு செஞ்சதால கசடு நூல் நூலா உள்ள ஓடியிருக்கும். எனக்கு உடனே இரும்பு தாது இருக்குற நம்ம கஞ்சமலை ஞாபகம் வந்துச்சு. 1830கள்ல ஹீத்னு ஒரு ஆளு சேலம் பக்கத்து இரும்பு தாதுவ வச்சு பரங்கிப்பேட்டைல உலை நடத்துனாரு, அவ்வளவு பழைய இரும்பு ஊரு இது. எங்க போல்ட் எங்க இருந்து வந்த இரும்போ, ஆனா அந்த நாரை கைல தடவி பார்த்தப்போ தூக்கி எறிய மனசு வரல, பத்திரமா வச்சிருக்கேன்.

ஏன் சதுரமே வேணும், ஆறு பக்க ஹெக்ஸ் தலை போட்டா ஆகாதான்னு நிறைய பேர் கேட்குறாங்க, பங்களா ஓனரும் கேட்டாரு. அந்த காலத்துல கொல்லர் பட்டடைல கம்பி முனைய பழுக்க காய்ச்சி அமுக்கி தலை எடுத்தா, நாலு பக்கம் அடிச்சு சதுரமாக்குறது தான் சுலபம், ஆறு பக்கம் சரியா வர்றதுக்கு மெஷின் வேணும். அது வரலாறு. வேலைக்குன்னு பார்த்தாலும் சதுரத்துக்கு பலம் இருக்கு: பக்கம் அகலமா இருக்கும், ஸ்பேனர் நல்லா கவ்வும், முனை சீக்கிரம் மழுங்காது, துருப்பிடிச்ச பிறகும் கழட்டலாம். நான் கழட்டுன 46ல நிறைய போல்ட்டு, இத்தனை வருஷ ஏற்காட்டு பனியும் மழையும் தின்ன பிறகும், தலைல ஸ்பேனர் நின்னுச்சு. ஹெக்ஸா இருந்தா பாதிக்கு மேல கட்டர் வச்சு தான் அறுத்திருக்கணும்னு நான் நம்புறேன். அதே பட்டறைல லேத்துல வெட்டுற உளிய பிடிச்சிருக்குற டூல் போஸ்ட்ட காட்டி பெரியவர் சொன்னாரு, "தினம் எத்தனை தடவை இறுக்கி கழட்டுறோம், அதுக்கு என்ன தலை வச்சிருக்கான் பாரு." பார்த்தா வரிசையா சதுரத் தலை தான்.

குறை இல்லாம இல்ல. சதுரத்த திருப்பணும்னா 90 டிகிரி போனா தான் அடுத்த பிடி, ஹெக்ஸுக்கு 60 போதும். முனைக்கு முனை அகலமும் ஜாஸ்தி, எங்க அரை இஞ்ச் போல்ட்டுக்கே சுமார் 33 மில்லி வருது. கைமரம் சுவத்துல இடிக்கிற ரெண்டு மூலைல ஸ்பேனர் ஆட இடமே இல்ல, அங்க அதே விட்வொர்த் மரைல ஹெக்ஸ் தான் போட்டோம், வெளிய தெரியாத இடம்ங்கிறதால ஓனரும் ஒத்துக்கிட்டாரு.

எந்த இரும்புல செய்யணும்ங்கிறதுலயும் கடைக்காரங்க நல்லா பேசுனாங்க. நான் 8.8ங்கிற ரொம்ப பலமான ஹை டென்சில் தரத்துல போட்டுடலாமான்னு கேட்டேன். வேணாம்னு பெரியவரோட மகன் தடுத்தாரு, பழைய மரத்துல மரம் தான் முதல்ல நசுங்கும், அதுக்கு மேல போல்ட் பலமா இருந்து என்ன பண்ண போகுது, 4.6ங்கிற சாதாரண தரம் போதும், அது வளைஞ்சு காட்டிட்டு தான் ஒடையும்னு. அது சரியான பேச்சு. ஓனர் "சேலத்துலயே ஸ்டெயின்லெஸ் ஆலை இருக்கு, ஸ்டெயின்லெஸ்லயே போடுங்களேன்"னு ஆசைப்பட்டாரு, ஆனா ஈரமான இடத்துல ஸ்டெயின்லெஸ் பக்கத்துல பழைய இரும்பு பட்டை இருந்தா அந்த பட்டை தான் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால விட்டுட்டோம். உள்ள இருக்குற டிரஸ்ஸுக்கு சூடா இருக்கும்போதே எண்ணெய்ல முக்குன கருப்பு பினிஷ், வெளிய தூணுக்கு ஹாட் டிப் கால்வனைஸ், அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்குறது. கால்வனைஸ் வேணும்னா ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிடணும், துத்தநாகம் மரை மேல ஏறி தடிப்பாகும், அதுக்கு ஏத்த மாதிரி நட்டோட மரைய கொஞ்சம் பெருசா வெட்டணும். இத அவங்களே ஞாபகப்படுத்துனாங்க, நான் கேட்கல.

விலை, அரை இஞ்ச் ஆறு இஞ்ச் நீளம் நட்டோட 110 ரூபா ஆச்சு, அஞ்சே எட்டு அதுக்கு மேல. ஹெக்ஸோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட மூணு மடங்கு. கைல தலை அடிச்சு, லேத்துல மரை வெட்டி தர்றதுக்கு இது எனக்கு நியாயமா தான் பட்டுச்சு. ரெடிமேடா கருப்பு சதுர போல்ட்டும் வச்சிருக்காங்க, ஐஎஸ் 2585ங்கிற இந்திய தரத்துல வர்றது, ஆனா அது எம்எம் அளவு, புது கேட்டு, புது மர வேலைக்கு எல்லாம் அதுவே போதும், விலையும் கம்மி.

இப்போ கடையோட குறை. வியாழக்கிழமை தர்றேன்னு சொன்னது அடுத்த செவ்வாய்க்கிழமை தான் கிடைச்சுது, நடுவுல ரெண்டு தடவை போன் பண்ணி எடுக்கல, அதுக்குள்ள மேல ஓடு பிரிச்சு தார்பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம், ஒரு மழை வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சா பக்குன்னு இருக்கு. முதல்ல வந்த 30ல 7 போல்ட்டுக்கு தலை தண்டுக்கு நேரா இல்ல, ஒரு பக்கம் சாஞ்சு இருந்துச்சு, அப்படி இருந்தா இறுக்கும்போது தலையோட ஒரு ஓரம் மட்டும் வாஷர்ல உட்காரும், மறுபக்கம் தூக்கும். எடுத்துட்டு போனேன், ஒரு வார்த்தை எதிர்த்து பேசாம மாத்தி குடுத்தாங்க, ஆனா அதுக்கு இன்னும் 8 நாள். டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் கிடையாது, அரசாங்க வேலைக்கோ பேப்பர் கேட்குற வேலைக்கோ இந்த கடை சரிப்படாது. வண்டி நிறுத்தவும் இடம் இல்ல, காலைல லாரி லோடு இறக்குற நேரத்துல அந்த சந்துல டூவீலர் கூட திரும்பாது, நான் ரெண்டாவது தடவைல இருந்து மதியத்துக்கு மேல தான் போனேன்.

மாட்டுன விதத்தையும் சொல்லிடுறேன். நசுங்குன ரெண்டு மரைக்கும் அஞ்சே எட்டு டேப் (ஓட்டைக்குள்ள மரை வெட்டுற கருவி) ஒண்ணு அவங்களே வாடகை வாங்காம ரெண்டு நாளைக்கு குடுத்தாங்க, எண்ணெய் விட்டு கால் சுத்து முன்ன, கால் சுத்து பின்னன்னு மெதுவா ஓட்டி மரைய எடுத்துட்டோம், ஷூ தப்பிச்சுது. மரத்துக்கு வர்ற இடத்துல எல்லாம் 50க்கு 50 சதுர பிளேட் வாஷர், 5 மில்லி கனம், சின்ன வட்ட வாஷர் போட்டா இறுக்க இறுக்க மரத்துக்குள்ள புதைஞ்சுடும், வாஷர் அகலம் போல்ட் தடிப்புல மூணு மடங்காவது இருக்கட்டும். புது போல்ட் ஷூக்குள்ள முதல் தடவை விரலாலயே கடைசி வரைக்கும் இறங்குன போது ஆசாரி அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்து ஒண்ணுமே சொல்லாம தலைய ஆட்டுனாரு, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

வெயில் காலம் முடிஞ்சு ஒரு தடவை எல்லா நட்டையும் திரும்ப இறுக்கினோம், மழைல ஊறின மரம் வெயில்ல சுருங்கியிருந்துச்சு, டிரஸ்ல பல நட்டு கால் சுத்து வாங்குச்சு.

நீங்க போறதா இருந்தா பழைய போல்ட்ட கிரைண்டர்ல பளபளன்னு தேய்ச்சு எடுத்துட்டு போகாதீங்க, மரை தேய்ஞ்சா அளவு மாறிடும், அழுக்கோடயே குடுங்க, அதோட நட்டும் இருந்தா கண்டிப்பா கொண்டு போங்க. அவங்க சொல்ற தேதிக்கு மேல பத்து நாள் கூட்டி வச்சுக்கோங்க, சரக்கு கைக்கு வராம மேல ஓட்டுல கை வைக்காதீங்க. எங்களுக்கு அடுத்து அதே எஸ்டேட்டோட பெரிய கேட்டு கீல் வேலை இருக்கு, அதுல முக்கால் இஞ்ச் சதுர போல்ட், இஞ்சுக்கு 10 மரை. சாம்பிள் கழட்டி பையில போட்டாச்சு, திங்கக்கிழமை கீழ இறங்குறேன்.