கலத்தினுள் அருகிக் கிடக்கும் புரதத்தை அளந்து தரும் சேவை: பேராதனையிலிருந்து ஒரு மதிப்பீடு

மனிதச் சிறுநீரகக் கலங்களிலிருந்து எடுத்த 12 மாதிரிகளைக் கடந்த ஆண்டு அயல்நாட்டிலுள்ள ஒரு திணிவு நிறமாலைமானிச் (மூலக்கூறுகளை அவற்றின் திணிவைக்கொண்டு இனங்கண்டு அளக்கும் கருவி) சேவைக்கூடத்துக்கு அனுப்பி அளவிட்டுக்கொண்டோம். அக்கூடத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. கண்டியிலும் அதைச் சூழ்ந்த மலையகத்திலும் இத்தகைய ஆய்வில் இறங்க எண்ணுவோர் எந்தக் கூடத்தை நாடினாலும் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பதை எமது அனுபவத்திலிருந்து சொல்வதே என் நோக்கம்.

நாம் தேடிய புரதம் ஹிஃப்-1 அல்பா. கலத்துக்கு ஒட்சிசன் குறையும்போது அதை எதிர்கொள்ளும் பரம்பரையலகுகளை இயங்கவைப்பது இதுவே. கலம் ஒட்சிசனை உணரும் விதத்தைக் கண்டறிந்தமைக்காகத்தான் வில்லியம் கெய்லின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒட்சிசன் போதியளவு உள்ள கலத்தில் இப்புரதம் உண்டான சில நிமிடங்களிலேயே சிதைக்கப்பட்டுவிடும். எனவே கோபாற்றுக் குளோரைட்டு இட்டுச் சிதைவைத் தடுத்த கலங்களின் மாதிரிகள் ஆறையும், எதுவும் இடாத கலங்களின் மாதிரிகள் ஆறையும் ஒப்பிட விரும்பினோம்.

அளவிடுதல் ஏன் கடினம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு கலத்தில் ஏறத்தாழ 150 பிக்கோகிராம் புரதம் உள்ளதாகக் கொண்டால், கருவியினுள் ஒரு தடவை செலுத்தும் 1 மைக்ரோகிராம் புரதம் ஏறத்தாழ 6,700 கலங்களிலிருந்து வருவது. கலமொன்றுக்கு 1,000 மூலக்கூறுகள் வீதம் இருக்கும் ஒரு புரதம் அவ்வளவிலும் 67 இலட்சம் மூலக்கூறுகளாகவே இருக்கும். மோல் கணக்கில் அது வெறும் 11 அட்டோமோல் (ஒரு அட்டோமோல் என்பது மோலின் பில்லியனில் ஒரு பங்கின் பில்லியனில் ஒரு பங்கு). அதே துளியில் கலத்தின் சட்டகத்தை அமைக்கும் அக்ரினும் மலிந்து கிடக்கும் ஏனைய புரதங்களும் கலமொன்றுக்குப் பல மில்லியன் கணக்கில் நிறைந்து நிற்கின்றன. டிஎன்ஏயாக இருந்தால் பிசிஆர் கொண்டு பெருக்கிக்கொள்ளலாம். புரதத்தைப் பெருக்க வழியில்லை. கையில் இருப்பதை இழக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் வழி.

இந்த இடத்தில் அச்சேவைக்கூடத்தை மனமாரப் பாராட்டுகிறேன். புரதத்தை வெட்டும்போது கிடைக்கும் சிறு துண்டுகளான பெப்டைட்டுகள் சாதாரணப் பிளாஸ்ரிக் குழாயின் சுவரில் ஒட்டி வீணாகும் என்பதால், ஒட்டுதல் குறைந்த குழாய்களை அவர்களே முன்கூட்டி அனுப்பிவைத்தார்கள். புரதத்தை உறைநிலையில் அனுப்பும்படி கேட்காமல், எமது கூடத்திலேயே திரிப்சின் என்ற நொதியத்தால் வெட்டி, உப்பு நீக்கி, வெற்றிட மையநீக்கியில் உலர்த்தி அனுப்பச் சொன்னார்கள். உறைநிலையில் அனுப்புவதென்றால் உலர் பனிக்கட்டி வேண்டும்; அதன் வெப்பநிலை −78.5 பாகை செல்சியசு. கொழும்பிலிருந்து அதை ஏற்றிவந்து, மழைக்காலத்தில் மண் சரியும் கடுகண்ணாவைப் பாதை வழியே மீண்டும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அனுப்பி, இடையில் ஆவியாகித் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பது மலையகத்து ஆய்வாளர்கள் அனைவருக்கும் பழக்கமான துன்பம். அத்துன்பம் இம்முறை இருக்கவில்லை. உலர்ந்த பின் குழாயின் அடியில் எஞ்சியது, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் மங்கலான ஒரு வெண்படலம். பல மாத உழைப்பு முழுவதும் அந்தப் படலத்தில்தான் இருந்தது.

அவர்கள் கையாண்ட முறை இலக்குசார் அளவீடு. ஹிஃப்-1 அல்பாவுக்கு மட்டுமே உரிய ஒரு பெப்டைட்டைத் தெரிந்து, அதன் இறுதி அமினோ அமிலமான லைசினில் காபன்-13, நைதரசன்-15 சமதானிகளை (அதே மூலகங்களின் பாரம் கூடிய அணு வகைகளை) புகுத்தி, 8 டோல்ற்றன் (மூலக்கூற்றுத் திணிவின் அலகு) பாரம் கூடிய இரட்டையர் ஒன்றைத் தெரிந்த அளவில் எமது மாதிரிக்குள் சேர்த்தார்கள். இரண்டும் பெப்டைட்டுகளைப் பிரிக்கும் நிரலிலிருந்து ஒரே நேரத்தில் வெளிவரும். ஒரே விதமாகத் துண்டாகும். பாரத்தால் மட்டுமே வேறுபடும். ஆகவே வரைபடத்தின் பின்னணிச் சத்தத்துக்குள் மறைந்திருக்கும் சிறு மேடு உண்மையில் நாம் தேடியதுதானா என்பதைப் பக்கத்தில் நிற்கும் பாரமான மேடே உறுதிசெய்கிறது. கோபாற்று இட்ட ஆறு மாதிரிகளின் வரைபடங்களிலும் இரண்டு மேடுகளும் கோடு பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நின்றதை முதன்முறை பார்த்தபோது, எமது மாணவி நெடுநேரம் திரையைவிட்டு விலகவில்லை.

மாதிரித் தரம் பற்றிய அறிக்கையும் நேர்மையாக இருந்தது. இரண்டு மாதிரிகளில் செம்மறியாட்டு மயிரிலுள்ள புரதமான கெரற்றின் மிகுந்திருப்பதாக அதில் எழுதியிருந்தார்கள். மனிதப் புரதப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. மார்கழிக் குளிரில் ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கம்பளிச் சுவெற்றரோடு நேரே வேலையைத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமையின் மாதிரிகள் அவை. அளந்து செலுத்தும் 1 மைக்ரோகிராமில் ஒரு பங்கு கம்பளியாக இருந்தால், அருகிய புரதத்துக்கு அந்தப் பங்கு குறைந்துவிடும். அன்று முதல் எமது கூடத்தில் கம்பளி உடைகளை வாசலுக்கு வெளியே மாட்டிவைக்கிறோம்.

குறைகள் இரண்டு. இரண்டும் கருவியைப் பற்றியவை அல்ல, அது தந்த எண்ணுக்கு அவர்கள் இட்ட பெயரைப் பற்றியவை.

முதலாவது, கோபாற்று இடாத ஆறு மாதிரிகளுக்கும் முடிவு அட்டவணையில் ‘0’ என்று இடப்பட்டிருந்தது. அக்கலங்களில் அப்புரதம் இல்லை என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. கருவி நம்பகமாக அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே இருந்தது என்பது மட்டுமே உண்மை. இந்த இரண்டும் ஒன்றல்ல. பூச்சியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் எத்தனை மடங்கு கூடியது என்ற கேள்விக்கே விடை இல்லாமற் போகும். எல்லை தெரிந்தால் ‘குறைந்தது இத்தனை மடங்கு’ என்றாவது துணிந்து எழுதலாம். பாரமான பெப்டைட்டைப் படிப்படியாக ஐதாக்கிப் பெற்ற அளவுத்திருத்தக் கோட்டைத் தரும்படி எழுதினோம். மூன்று வாரங்கள் கழித்து, திருத்திய அட்டவணையோடு அனுப்பினார்கள். அது முதல் அறிக்கையிலேயே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ‘கலமொன்றுக்கு இத்தனை மூலக்கூறுகள்’ என்ற நிரலைப் பார்த்ததும் மகிழ்ந்தோம், பின்னர்தான் யோசித்தோம். பாரமான பெப்டைட்டு சேர்க்கப்பட்டது திரிப்சின் தன் வேலையை முடித்த பிறகு. புரதம் முழுமையாக வெட்டப்படாவிட்டாலோ உப்பு நீக்கும்போது கொஞ்சம் போய்விட்டாலோ அந்த இழப்பு இவ்வெண்ணில் தெரியாது. எமது விடயத்தில் இழப்பு உண்மையாகவே நேர்ந்திருந்தது: மாதிரிகளின் இரண்டாம் தொகுதியைத் திரிப்சின் வெட்டுவதற்காக 37 பாகையில் வைத்திருந்த இரவு மின்சாரம் நின்று, திரிப்சின் வெட்ட வேண்டிய இடங்களான லைசினும் ஆர்ஜினினும் வெட்டப்படாமல் எஞ்சிய பெப்டைட்டுகள் அத்தொகுதியில் வெகுவாகக் கூடியிருந்தன. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு வகைக் கலங்களிலும் மும்மூன்று மாதிரிகளை வைத்திருந்ததால் ஒப்பீடு கெடாமல் தப்பியது. ஆனால் மூலக்கூறு எண்ணிக்கையை ஒரு கீழ் எல்லையாக மட்டுமே கொள்ள முடியும். வெட்டுதல் எவ்வளவு முழுமையற்றது என்று தரப் பக்கத்தில் எழுதிய அதே அறிக்கை, முடிவுப் பக்கத்தில் அதைப் பொருட்படுத்தாமல் நான்கு இலக்கத் துல்லியத்தில் எண்களை அடுக்கியிருந்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

செலவு எமது ஆண்டு மானியத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு. டொலரில் செலுத்த வேண்டியிருந்ததால் அனுமதி பெறவே நாள் பிடித்தது. மூலத் தரவுக் கோப்புகள் முழுவதையும் மேலதிகக் கட்டணமின்றித் தந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஸ்கைலைன் மென்பொருளில் அவற்றைத் திறந்து மேடுகளை நாமே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடிந்தது. கோப்புகளைத் தர மறுக்கும் கூடத்துக்கு ஒரு குழாயும் அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தொகுதியையும் இவர்களிடமே அனுப்புகிறோம். இம்முறை ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்: ஒரு பெப்டைட்டுக்குப் பதிலாக இரண்டு, அளவிடல் எல்லை ஒவ்வொரு அட்டவணையிலும், சமதானியிட்ட முழுப் புரதத்தை வெட்டுவதற்கு முன்னரே சேர்த்தல். முதலிரண்டுக்கும் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவதற்கான விலைப்பட்டியலை எதிர்பார்த்திருக்கிறோம்.